பத்து மணித் தண்ணி

டாக்டர் இப்ப வர மாட்டாருங்க. ஆபரேசன் தியேட்டருக்குள்ள போயிட்டாருன்னா வெளிய வர்ற நேரம் அவரு கையில இல்ல. சாஞ்சு உக்காருங்க. அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராது, இப்பிடி வாங்க.

சிஸ்டர் சொன்னாங்க, உங்களுக்கும் வயித்துல பை வெச்சிருக்குதுன்னு. ஆஸ்திரேலியாவுல பையன் கூப்படறானாமா. போலாமா வேண்டாமான்னு வசந்தாமணியம்மாவக் கேளுங்கன்னு அனுப்பிச்சிருப்பாங்களே. எல்லாரையும் எங்கிட்டத்தான் அனுப்பறாங்க. நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். போலாமுங்க. போறதுல ஒண்ணுமில்ல. அங்க போயி யாரு கூட இருக்கோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்குது. அத மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல.

நான் பொள்ளாச்சில ஒரு பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டனா இருந்து ரிட்டயர்டு ஆனவ. எந்தப் புள்ள பொய் சொல்லுது, எந்தப் புள்ள மறைக்குதுன்னு மொகத்தப் பாத்தாப் போதும், சொல்லீருவேன். எங்கிட்ட ஒண்ணும் மறைக்க முடியாதுங்க. இத எதுக்குச் சொல்றேன்னா, மனுசங்களப் பாத்தவ நான். சும்மா ஒருத்தரப் பத்திக் கொறை சொல்ல மாட்டேன்.

மலக்குடல்ல கட்டின்னு சொல்லி, கீழ் வழிய அடைச்சு, எடப்பக்கம் வயித்துல மலம் வெளிய வர்றதுக்கு ஒரு வாய் வெச்சு விட்டாங்க. மொதல்ல நானும் உங்களாட்டம் பைதான் கட்டினேன். அது எந்நேரம் வரும், எந்நேரம் சத்தம் போடும்னு தெரியாது. கோயிலுக்குப் போறதில்ல, விசேசத்துக்குப் போறதில்ல. அப்பறம் இந்த டாக்டருதான் தண்ணி ஏத்திக் கழுவற முறையச் சொல்லிக் குடுத்தாரு. உங்களுக்கு இன்னும் சொல்லலீங்களா? எல்லாருக்கும் ஆகாது, கேட்டுத்தான் ஆரம்பிக்கோணும். வெதுவெதுப்பான தண்ணிய ஒரு பையில ஊத்தித் தோள் உயரத்துக்கு மாட்டிக்கோணும். அதுல ஒரு குழாய், முனையில சின்னதாக் கூம்பு. அத வயித்துல இருக்கற அந்த வாயில வெச்சு மெதுவா உள்ள விட்டா, சித்த நேரத்துல எல்லாம் வெளிய வந்துரும். நீளமா ஒரு உறை இருக்குது, அது வழியா நேராக் கக்கூசுக்குள்ள போயிரும். முழுசா ஒரு மணி நேரம் ஆகும். ஆனா அன்னிக்குப் பூராம் நிம்மதி. மேல சின்ன மூடி ஒண்ணு ஒட்டிக்கிட்டாப் போதும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும். எனக்குக் காலைல பத்து மணி. என் பத்து மணி தப்பினா எனக்கு அந்த நாளே இல்லைங்க.

இந்த விசயம் எம் பொண்ணு சிந்துஜாவுக்கு மட்டுந்தான் தெரியும். அவ அப்பா போனதுக்கப்பறம் எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். ஆபரேசனுக்குப் பின்னாடிதான் அவளுக்குக் கலியாணம் பண்ணினேன். சம்பந்திவீட்டுல கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னு சொல்லி வெச்சோம். என் தலையில கை வெக்கச் சொல்லி, புருசங்கிட்டக் கூட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். பின்ன என்னங்க, பொண்ணு எடுக்க வர்றவங்க, ஆத்தாளுக்கே இப்பிடின்னா நாளைக்கு மகளுக்கும் வரும்னு நெனைக்க மாட்டாங்களா.

அவங்க இருக்கறது அயர்லாந்துல. பிரசவத்துக்கு அம்மா நீ வரோணும்னா. எனக்கு அத விட வேறென்ன வேணும். கொக்கி, குழாய், உறை, மூடின்னு எல்லாத்தையும் கைப்பையிலயே வெச்சுக்கிட்டேன். நீங்களும் அப்பிடித்தான் வெச்சுக்கோணும். பெட்டியில போட்டு அது வேற ஊருக்குப் போயிருச்சுன்னா அப்பறம் அழுதும் புண்ணியமில்ல. வீட்டுல கழுவீட்டுத்தான் கெளம்பினேன், ஆனாலும் பிளைட்டுக்குப் பை கட்டிக்கிட்டேன். மேல ஏற ஏற வயித்துல காத்து உப்பிக்குது. வழியில பிளைட்டு மாறற அபுதாபியில ஒரு போலீஸ்காரி வயித்தத் தடவிப் பாத்து இது என்னன்னு கேட்டா. ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிச் சேலைய வெலக்கிக் காட்டினேன். சாரின்னா. நீ எதுக்குச் சாரி சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு வந்து உக்காந்துக்கிட்டேன். போயி எறங்குனா அங்க நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. கடிகாரத்தத் திருப்பி வெச்சாச்சு, குடலு கேக்கோணுமே. எங்கொடலு ஒரு வாரம் பொள்ளாச்சியிலயே இருந்துச்சு.

இதெல்லாங் கூட சமாளிச்சுட்டேன். வீட்டுக்குள்ள நொழைஞ்சா, சோபாவுல சம்பந்தியம்மா உக்காந்திருக்குது.

தெய்வானைன்னு பேரு, தாராபுரம். பால் சொசைட்டில வேல பாத்த அம்மா. ஏழு வீட்டுக்குக் கேக்கற மாதிரிப் பேசும். மாப்பளையோட அம்மா, வரக் கூடாதுன்னு சொல்ல முடியுமா. ஆனா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல எதுக்குக் கூப்பிட்டேன்னு தனியா வெச்சுக் கேட்டேன். "ஒத்தாசைக்குத்தாம்மா. நீ ஒருத்தியே எப்பிடிச் செய்வே?"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. நூத்துக்கணக்குல புள்ளைங்கள மேச்சவளுக்கு ஒரு கொழந்தையப் பாக்கத் தெரியாதாக்கு.

அந்த ஊரு வீடெல்லாம் சின்னதுங்க. மாடியில ஒரே ஒரு பாத்ரூம். நாலு சீவன். பக்கெட் இல்ல, மக்கு இல்ல, தண்ணிப் பைய மாட்டறதுக்குச் செவுத்துல ஒரு ஆணி இல்ல. நான் கொண்டு போன ஒட்டற கொக்கி மொத நாளே பொத்துன்னு உழுந்துருச்சு. துணி மாட்டற ஹேங்கர ஷவர்க் கம்பியில தொங்க விட்டு அதுல மாட்டினேன். ஒரு மணி நேரம் உள்ள என்ன பண்றேன்னு கேட்டா என்ன சொல்றது? முதுகு வலிக்கு டாக்டர் வெந்நி ஒத்தடம் சொல்லிருக்காருன்னு சொல்லி வெச்சேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. அத்தனை வருசம் புள்ளைங்க எங்கிட்டச் சொன்ன பொய்யி, எப்பிடிச் சொல்லோணும்னு எனக்குத் தெரியாதா.

கொழந்தை பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. அதுக்கப்பறந்தாங்க அந்தம்மாவோட போக்கு எனக்கு வெளங்க ஆரம்பிச்சுது.

காலைல பத்து மணி ஆச்சுன்னா, நான் துண்ட எடுத்துத் தோள்ல போடறேன், உடனே அந்தம்மா பாப்பாவத் தூக்கி வண்டியில வெச்சுக்கிட்டு வெளிய கெளம்பீரும். அந்தக் குளுருல. மகனோட பெரிய கோட்ட மாட்டிக்கிட்டு. ஒரு நாள் ரெண்டு நாள்னாப் பரவால்ல, தெனமும். எம் பேத்திய எங்கிட்ட ஒட்ட விடாமப் பண்றதுக்குத்தான் அது. வேற நேரமே இல்லாத மாதிரி, என் பத்து மணியப் பாத்து வெச்சிருந்துச்சு. எங்க போகுதுன்னு பாத்தா, பக்கத்து வீட்டுல ஒரு மலையாளி நர்சு, அங்கதான் போயி உக்காந்துக்கும். சக்கரைக்காரம்மா, ஒரு எடத்துல இருக்க மாட்டாம ஊரு சுத்தறது. அந்த நர்சு ஒரு நாள் எங்கிட்டச் சொன்னா, ஆன்ட்டி வந்ததும் நேரா எங்க பாத்ரூமுக்குத்தான் போவாங்கன்னு. அடுத்தவங்க வீட்டுல போயி என்னங்க பழக்கம் அது. எனக்கு மானமே போச்சு.

மழை பேஞ்சு வெளிய போக முடியலைன்னா, கீழ டிவியச் சத்தமா வெச்சுரும். பச்சக் கொழந்தை தூங்கற வீடு. நான் உள்ள உக்காந்திருக்கறேன், மாடி வரைக்கும் கேக்குது. சமையலாவது ஒழுங்கா? ஊர்லருந்து ஒரு பெட்டி நெறையா மளிகை கொண்டாந்திருக்குது, ஆனா மொச்சை கெடையாது, கொண்டக்கடல கெடையாது. முட்டைக்கோசு வாங்கியாந்தாரு மாப்பள, அத நர்சு வீட்டுக்குக் குடுத்துருச்சு. கேட்டா, எதுக்கு சம்பந்தி, அதெல்லாம் வாயுங்குது. எனக்கு வாயுன்னு நான் சொன்னனா?

சிந்துஜாகிட்டச் சொல்லிப் பாத்தேன். அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "அம்மா, அத்தைய விட்டுரும்மா"ன்னா. மாமியாளுக்குப் பயந்துக்கிட்டா. பாவம்.

அப்பறந்தான் தண்ணிப் பிரச்சனை வந்து சேந்துச்சு. பேர் வெக்கறதுக்கு நாள் குறிச்சாச்சு. அந்த ஊர்ல ஒரு பொது மண்டபம், அங்க இருக்கற தமிழ்க் குடும்பமெல்லாம் வர்றாங்க. பாப்பாவ மடியில வெச்சுக் காதுல பேரு சொல்றது நானுன்னு முடிவாச்சு. அதை அந்தம்மாவேதான் சொல்லுச்சு, பொண்ணோட அம்மா சொல்லட்டும்னு. நாலு பேருக்கு முன்னாடி பெருந்தன்மை. அந்த வாரம் பேஞ்ச மழைக்கு ஊருத் தண்ணி கெட்டுப் போச்சு. கொழாயத் தொறந்தா டீத்தண்ணி மாதிரி வருது. காய்ச்சாம ஆரும் வாயில வெக்காதீங்கன்னு ஊருக்கே அறிவிச்சுட்டாங்க. கடையில பாட்டில் தண்ணியெல்லாம் ஒரே நாள்ல காலி. நெனப்புல வெச்சுக்கங்க, வாயில குடிக்கக் கூடாத தண்ணிய வயித்துக்குள்ளயும் ஏத்தக் கூடாது. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காரு.

காய்ச்சி ஆற வெச்சுக்கலாமேங்கறீங்க. எங்க வெச்சுக் காய்ச்சறது? அடுப்படியில எந்நேரமும் அந்தம்மா. ஒரு குண்டாத் தண்ணியக் காய்ச்சி மாடிக்குத் தூக்கிட்டுப் போனா, எதுக்குன்னு கேக்காதா? ஒத்தடத்துக்குன்னா, ஒத்தடத்துக்கு எந்தத் தண்ணியானா என்னங்காதா? சிந்துஜாவக் கேக்கலாம்னா, தையல் இன்னும் ஆறல, படி ஏறி எறங்கக் கூடாது. மாப்பளகிட்ட எப்பிடிச் சொல்றது. அன்னிக்கு நான் கழுவல. மறுநாள் விசேசம்.

விசேசத்தன்னைக்குக் காலைல எந்திரிச்சு வந்தா, பாத்ரூம் கதவுக்கு முன்னாடி ஒரு எவர்சில்வர் குண்டா. மேல தட்டு போட்டு மூடி, அதுக்கு மேல துண்டச் சுத்தி வெச்சிருக்குது. தொறந்தா தண்ணி. கைய வெச்சுப் பாத்தேன். வெதுவெதுன்னு, அளவான சூடு.

சிந்துஜாதான்னு நெனச்சேன். தையலோட ஏண்டி குண்டாவத் தூக்கினேன்னு போயித் திட்டினேன். அவ பாப்பாவுக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. நிமுந்து பாக்கல. "நான் இல்லம்மா"ன்னா. அப்ப மாப்பளையான்னேன். அவரு மண்டபத்துக்கு நாற்காலி போடப் போயிட்டாருன்னா.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. சத்தியம் பண்ணினயேடின்னு கேட்டேன். அவ பாப்பாவ அடுத்த பக்கம் மாத்திப் போட்டா. நான் நேரா வந்தேன், அந்தக் குண்டாவத் தூக்கினேன், மொத்தத் தண்ணியையும் தொட்டியில கொட்டீட்டேன். பின்ன? நீங்களா இருந்தா ஊத்திக்குவீங்களா? ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்காம, வாசல்ல வெச்சுட்டுப் போனா என்னங்க அர்த்தம். உன் ரகசியம் எனக்குத் தெரியும்னுதான அர்த்தம். குண்டாவக் கழுவித் தொடச்சு, கீழ அடுப்படியில கவுத்து வெச்சேன். அந்தம்மா பாத்துச்சு.  

பை கட்டிக்கிட்டு, மேல பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு நாளாக் கழுவாத குடலு. வயித்துக்குள்ள என்னமோ உருண்டுக்கிட்டே இருக்குது. காப்பி வேண்டாம், பலகாரம் வேண்டாம்னுட்டேன். மண்டபத்துல நல்ல கூட்டம். எல்லாரும் சுத்தி நாற்காலி போட்டு உக்காந்திருக்கறாங்க. பாப்பாவ என் மடியில வெச்சாங்க. பக்கத்து நாற்காலியில அந்தம்மா. பேரு சொல்லப் போறாங்க, சத்தம் போடாதீங்கன்னு ஆரோ சொன்னாங்க. மண்டபமே கம்முனு ஆயிருச்சு. நான் குனிஞ்சு பாப்பா காதுகிட்ட வாயக் கொண்டு போனேன்.

அப்ப வந்துச்சுங்க. உங்களுக்குத் தெரியுமே, அதுக்கு நேரங்காலமா. அடக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையே. நல்லா நீளமா, பெருசாச் சத்தம். பாப்பா திடுக்குன்னுச்சு. பின்னாடியே வாடையும் வந்துருச்சு. முன் வரிசையில ஒரு பொடுசு சிரிச்சுது, அதோட அம்மா அதும் வாயப் பொத்தினா. எல்லாரும் எங்க பக்கந்தான் பாக்கறாங்க.  இப்பிடியே எந்திரிச்சு ஓடீரலாம்னா மடியில புள்ள.

அந்தம்மா எந்திரிச்சு நின்னுச்சு. அதும் கொரலு தெரியும்ல, மண்டபத்துக் கடைசி வரைக்கும் கேக்கற மாதிரி, "கோவிச்சுக்காதீங்க, எஞ் சக்கரை மாத்திரை வயித்தப் பெரட்டுது. நீங்க நடத்துங்க, நான் இப்ப வந்தர்றேன்"னு சொல்லீட்டு, சேலைய அள்ளிப் புடிச்சுக்கிட்டு எல்லார் முன்னாடியும் நடந்து போச்சு. போற வழியில நாலு பேரு மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. ஒருத்தி மூக்குல கை வெச்சா. அந்தம்மா யாரையும் பாக்காம நடந்துச்சு.

நான் பாப்பா காதுல பேரச் சொன்னேன். இளவெயினின்னு. மூணு தடவ சொன்னேன். தப்பில்லாமச் சொன்னேன்.

சொல்லி முடிச்சுட்டுப் புள்ளைய மாப்பள கையில குடுத்துட்டுப் பின்பக்கம் பாத்ரூமுக்குப் போனேன். அங்க அந்தம்மா நின்னுக்கிட்டிருந்துச்சு. கையில என்னோட கைப்பை. நாற்காலிக்கடியில வெச்சிருந்தேன், எப்ப எடுத்துச்சுன்னே தெரியல. அதுக்குள்ளதான் மாத்துப் பை இருக்குது. வாங்கிக்கிட்டு உள்ள போயி மாத்திக் கழுவிக்கிட்டு வெளிய வந்தேன். அப்பவும் கதவ ஒட்டி நின்னுக்கிட்டிருக்குது, வேற ஆரும் உள்ள வந்தராம.

"எப்ப இருந்து தெரியும்?"னு கேட்டேன்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே சிந்துஜா போன்ல பையங்கிட்டச் சொல்லீட்டா, அவன் எங்கிட்டச் சொன்னான்."

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"அதுல வராம இருக்கறதுக்கு என்ன இருக்குது"ன்னுச்சு. என்னமோ மழை வருமான்னு கேட்டாப்பல சாதாரணமா.

 கை கழுவற தொட்டியில மறுபடியும் கையக் கழுவினேன். இத்தனை நாளும் முதுகு ஒத்தடம், முதுகு ஒத்தடம்னு நான் சொல்லும்போதெல்லாம், நல்லா ஒத்தடம் குடுங்க சம்பந்தி, அவசரமில்லைன்னு இதே அம்மாதான் சொல்லுச்சு. மொகத்துல ஒரு மாத்தமும் இல்லாமச் சொல்லுச்சு. நான் வார்டனுங்க.

அந்தம்மாவே கேட்டுச்சு. "காலைல தண்ணியக் கொட்டீட்டீங்களாட்ட இருக்குது."

"ஆமா"ன்னேன்.

"சூடு பத்தலையா சம்பந்தி?"

கோவமாக் கேட்டிருந்தா எனக்குப் பதில் சொல்லத் தெரியும். குத்தலாக் கேட்டிருந்தாலும் தெரியும். அந்தம்மா நெசமாவே தெரிஞ்சுக்கறதுக்குத்தான் கேட்டுச்சு.  "ஆமா, ஆறிப் போயிருந்துச்சு"ன்னேன்.

"பாப்பாவுக்கு ஊத்தற சூட்டுல முழங்கைய வெச்சுப் பாத்துத்தான் வெச்சேன். பெரியவங்களுக்கு இன்னுங் கொஞ்சம் வேணுமாட்ட இருக்குது"ன்னு சொல்லீட்டு, என் முந்தானையில ஒரு பக்கம் நனைஞ்சிருந்துச்சு, அதச் சரி பண்ணி விட்டுட்டு முன்னாடி போச்சு. மண்டபத்துல அப்பறம் பூராம், சக்கரைக்கு என்ன மாத்திரை சாப்படறீங்க, டாக்டர மாத்துங்கன்னு ஆளாளுக்கு அந்தம்மாவுக்குப் புத்தி சொன்னாங்க. அதும் எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

மறுநாள் காலைல கதவுக்கு முன்னாடி குண்டா இருந்துச்சு. தொட்டா, கை வெக்க முடியல, அத்தனை சூடு. அத நேரா ஊத்திக்கிட்டா குடலு வெந்து போயிரும். பாருங்க, அளவு தெரியாத பொம்பள. ஆறட்டும்னு அங்கயே படியில உக்காந்திருந்தேன். கீழ வண்டி உருள்ற சத்தம் கேட்டுச்சு. பாப்பாவக் கூட்டிட்டுக் கெளம்பீருச்சு. வெளிய தூறிக்கிட்டிருந்துச்சு, கொடை எடுத்துச்சான்னு தெரியல. எனக்கு எந்திரிச்சுப் போயிப் பாக்கோணும்னு இருந்துச்சு. பாக்கல. தண்ணி ஆறினதும் ஊத்திக்கிட்டேன்.

ஊருத் தண்ணி சரியாகிற வரைக்கும் தெனமும் குண்டா வந்துச்சு. நாங்க அதப் பத்தி அப்பறம் பேசவே இல்ல. அந்தம்மா எனக்கு முன்னாடி ஊருக்குத் திரும்பீருச்சு. அது போனதுக்கப்பறம் மாப்பள மொச்சை வாங்கியாந்து குடுத்தாரு, நானே கொழம்பு வெச்சேன். சாப்பிட்டு ரெண்டு நாளு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

ஆமாங்க, நீங்க போயிட்டு வாங்க. பையன் வீட்டுல மருமக மட்டுந்தானா, அவளோட அம்மாவும் இருக்குதாங்களா? விசாரிச்சுக்கங்க. கொக்கிய நம்பாதீங்க, நல்ல ஹேங்கரா ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்க.

எங்க பொண்ணு இப்ப ரெண்டாவது உண்டாயிருக்கறா. நேத்து அந்தம்மா போன் பண்ணுச்சு. இந்தத் தடவ ஒரே பிளைட்டுல போயிரலாம், பாத்ரூமுக்குப் பக்கத்துல ரெண்டு சீட்டு பையங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன், எனக்குச் சக்கரை பாருங்க, அடிக்கடி எந்திரிக்கோணும்னுச்சு. சரின்னேன். அப்பறம் சொல்லுது, வழியோரச் சீட்டு நீங்க எடுத்துக்கங்க சம்பந்தி, நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறேன்னு. அடிக்கடி எந்திரிக்கறவங்க எதுக்குங்க ஜன்னலோரம் போயி உக்காரோணும்? கேட்டே போட்டேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அந்தம்மா பேசாம இருந்து நான் கேட்டதில்லைங்க.

சரி, அப்பிடியே போடச் சொல்லுங்கன்னுட்டேன். எனக்கும் சலிச்சுப் போச்சு. எத்தனை நாளைக்குத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துக்கறது.